நின்றே தேயும் கால்கள்: வெரிகோஸ் வெயினும் சில பழைய நம்பிக்கைகளும்

தீபாவளிக்கு முந்தைய வாரம், மாலை ஏழு மணி. தாம்பரம் சண்முகம் சாலையிலோ, குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையிலோ ஏதாவது ஒரு ஜவுளிக்கடைக்குள் போய்ப் பாருங்கள். கூட்டத்தையும் புடவைகளையும் விட்டுவிட்டு, கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களின் கால்களை மட்டும் கவனியுங்கள். புடவையை விரித்துக் காட்டிக்கொண்டே ஒரு பெண் ஒரு காலைத் தூக்கி மறு காலின் மேல் தேய்த்துக்கொள்வார். ஐந்து நிமிடம் கழித்துக் கால் மாற்றுவார். பக்கத்துக் கவுண்டர் பையன் அலமாரியில் சாய்ந்து ஒற்றைக் காலில் நிற்பான். காலை ஒன்பதரைக்கு நின்றவர்கள் இரவு பத்து மணிக்குத்தான் நகர்வார்கள்.

இவர்களில் பலருக்கு முப்பது, முப்பத்தைந்து வயதுக்குள்ளேயே கெண்டைக்காலில் பச்சையும் நீலமுமாக, மண்புழு நெளிவதைப் போல ஒன்று புடைத்துக்கொண்டு வரும். ஊரில் இதற்கு "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று பெயர். டாக்டர்கள் வெரிகோஸ் வெயின் என்பார்கள். பாடப்புத்தகத் தமிழில் சுருள் சிரை நோய்.

இந்த நோயைப் பற்றி நம்மூரில் உலவும் நம்பிக்கைகளை ஒரு தாளில் எழுதினால் பக்கம் போதாது. "நரம்புத் தளர்ச்சிதான் காரணம்", "கெட்ட ரத்தம் தேங்கிடுச்சு", "கத்தி வச்சா கால் விளங்காது", "பொம்பளைங்களுக்கு வர்றது", "சாக்ஸ் போட்டா சரியாயிடும்". சிரிப்பதற்கு முன் ஒரு விஷயம். இவற்றில் பாதிக்கு மேல் யாரோ திண்ணையில் உட்கார்ந்து கட்டிவிட்ட கதைகள் அல்ல. ஒரு காலத்தில் பெரிய பெரிய மருத்துவர்களே நம்பியவை. மருத்துவம் அவற்றை விட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. அந்தச் செய்தி நமக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். எனவே இந்த நோயின் வரலாற்றைப் புரட்டினாலே நம்பிக்கைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும்.

பெயரிலேயே பிரச்சினை

முதல் குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் "நரம்பு" என்பது ரொம்பப் பழைய சொல், ரொம்பப் பரந்த சொல். யாழில் கட்டிய தந்தியும் நரம்பு, இலையில் ஓடும் கோடும் நரம்பு, கையில் நீலமாகத் தெரியும் ரத்தக்குழாயும் நரம்பு, மூளையிலிருந்து செய்தி கொண்டுபோவதும் நரம்பு. ஊசி போட வரும் நர்ஸ் கூட "நரம்பு கிடைக்கலையே" என்றுதான் சொல்வார்.

பேச்சுக்கு இது போதும். நோய்க்குப் போதாது. வெரிகோஸ் வெயினில் கெட்டுப்போவது சிரை, அதாவது உடம்பிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். மூளைச் செய்தி கொண்டுபோகும் நரம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பெயரில் நரம்பு இருப்பதால் ஜனங்கள் மருந்துக்கடையில் "நரம்பு சத்து மாத்திரை" கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். வைட்டமின் மாத்திரையால் சிரைக்குள் இருக்கும் கதவைச் சரிசெய்ய முடியாது. அது என்ன கதவு? கொஞ்சம் பொறுங்கள், அங்கேதான் வரப்போகிறோம்.

"அதில் கைவைக்காதே"

எகிப்தில் கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட ஏபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுருளிலேயே பாம்பு போல வளைந்து நெளியும் ரத்தக்குழாய் வீக்கங்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அதைக் கத்தியால் தொடாதே என்பது அதன் அறிவுரை. அந்தக் காலத்துக்கு அது மிகச் சரியான அறிவுரை. மயக்க மருந்து கிடையாது, கிருமி பற்றித் தெரியாது, ரத்தம் பீறிட்டால் நிறுத்தத் தெரியாது.

கிரேக்கத்தில் ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்தில் கி.மு. 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல் கிடைத்தது. ஒரு மனிதன் தன்னைவிடப் பெரிய காலொன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அந்தக் காலின் உள்பக்கம் ஒரு சிரை புடைத்துக்கொண்டு ஓடுகிறது. கால் சரியானால் காணிக்கை என்று வேண்டிக்கொண்டு வைத்தது. நம்மூர்க் கோயில் உண்டியலில் வெள்ளியில் கால், கை, கண்மலர் வாங்கிப் போடுகிறோமே, அதே சமாச்சாரம்தான்!

ரோமாபுரிக்குப் போனால் இன்னும் சுவாரஸ்யம். கயஸ் மாரியஸ் என்ற பெரிய தளபதிக்கு இரண்டு காலிலும் இந்த நோய். அவரைப் பற்றி புளூடார்க் எழுதியிருக்கிறார். அறுவை செய்யும்போது வழக்கமாக ஆளைக் கட்டிப்போடுவார்கள். மாரியஸ் கட்ட விடவில்லை. அசையாமல், சத்தம் போடாமல் ஒரு காலைக் கொடுத்தார். அடுத்த காலுக்கு வைத்தியர் போனபோது வேண்டாம் என்று மறுத்துவிட்டார். கிடைக்கிற பலன் இந்த வலிக்கு ஈடாகாது என்பது அவர் கணக்கு. அதே ரோமாபுரியில் கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ், சிரையைச் சூட்டுக்கோலால் தீய்ப்பது அல்லது வெட்டி எடுப்பது என்று இரண்டு வழிகளை எழுதிவைத்தார்.

"ஆபரேஷன் மட்டும் வேண்டாம்" என்று இன்றைக்குத் தாத்தா பாட்டிகள் சொல்லும்போது, அவர்கள் மாரியஸ் போட்ட கணக்கையே போடுகிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது பழைய ஆபரேஷன். அது எவ்வளவு மாறிவிட்டது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கெட்ட ரத்தம், கெட்ட நீர்

அடுத்து வந்த ஆயிரத்து ஐந்நூறு வருடங்களை ஆண்டது ஒரே ஒரு கருத்து. உடம்பில் ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்கள் உண்டு. அவை சமநிலை தவறினால் நோய். கேலன் என்ற மருத்துவர் வழியாக இது ஐரோப்பா, அரபு நாடுகள் எல்லாம் பரவியது. வெரிகோஸ் வெயினை இவர்கள் எப்படி விளக்கினார்கள்? கனமான, கறுத்த, கெட்ட ரத்தம் காலுக்கு இறங்கித் தங்கிவிடுகிறது என்றார்கள்.

இதிலிருந்து ஒரு விபரீத முடிவு பிறந்தது. நோய் முற்றினால் கணுக்கால் அருகே புண் வரும். அந்தப் புண் ஆறக் கூடாது என்றார்கள்! கெட்ட நீர் வெளியேற உடம்பே திறந்துவைத்த வாசல் அது. மூடினால் கெட்டது வேறு இடத்துக்குப் போய் உயிரை எடுக்கும் என்ற பயம். இந்தப் பயம் ஐரோப்பாவில் 18-ம் நூற்றாண்டு வரை இருந்தது.

நம் நாட்டிலும் ரத்தம் வெளியேற்றும் முறைகள் உண்டு. சுசுருதர் சிரையைக் கீறி ரத்தம் எடுப்பதையும் அட்டை விடுவதையும் விரிவாக எழுதினார். சித்த மருத்துவத்திலும் அட்டை விடல் உண்டு. இன்றும் தாம்பரம் பக்கம் "கெட்ட ரத்தத்தை எடுத்துட்டா சரியாயிடும்" என்ற பேச்சு சகஜம்.

உண்மை என்ன? அந்தக் காலில் நிற்கும் ரத்தம் கெட்ட ரத்தம் இல்லை. உடம்பு முழுவதும் சுற்றி வரும் அதே ரத்தம்தான், போகவேண்டிய வழியில் போகாமல் தேங்கி நிற்கிறது. பாலாற்றுத் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் வேறு வேறு தண்ணீரா என்ன? ஒன்று ஓடுகிறது, ஒன்று நிற்கிறது. தேங்கியதைக் கொஞ்சம் எடுத்தால் கொஞ்ச நேரம் வீக்கம் குறைவது போல இருக்கும். எழுந்து நின்றால் மறுபடி நிரம்பிவிடும்.

கதவைக் கண்டுபிடித்த கதை

இப்போது அந்தக் கதவுக்கு வருவோம். இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தில் ஃபாப்ரிசியஸ் என்ற பேராசிரியர் இருந்தார். சிரைகளுக்குள் சின்னச் சின்ன மடிப்புகள் இருப்பதை விளக்கி 1603-ல் ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் அவை எதற்கு என்பதை அவர் சரியாகப் பிடிக்கவில்லை. ரத்தம் மேலிருந்து கீழே வேகமாகப் பாய்ந்துவிடாமல் தடுப்பவை என்று நினைத்தார்.

அவரிடம் படித்த ஆங்கிலேய மாணவர் வில்லியம் ஹார்வி. 1628-ல் வெளியான புத்தகத்தில், ரத்தம் இதயத்திலிருந்து கிளம்பிச் சுற்றி இதயத்துக்கே திரும்புகிறது என்று காட்டினார். சிரைகளில் இருப்பவை ஒருவழிக் கதவுகள், அதாவது வால்வுகள். மேலே போக விடும், கீழே வர விடாது. இதைக் காட்ட அவர் செய்த சோதனையை யாரும் செய்து பார்க்கலாம். மேற்கையில் ஒரு துணியை லேசாகக் கட்டுங்கள். முழங்கைக்குக் கீழே சிரைகள் புடைக்கும். நடுநடுவே சின்ன முடிச்சுகள் தெரியும், அவைதான் வால்வுகள். ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து மேல் நோக்கி அடுத்த முடிச்சைத் தாண்டும் வரை ரத்தத்தைத் தள்ளுங்கள். இடைப்பட்ட பகுதி காலியாகவே இருக்கும். மேலே இருந்து ரத்தம் இறங்காது. கீழே அழுத்திய விரலை எடுத்தால் உடனே நிரம்பும்.

இந்த வால்வுகள்தான் மொத்தக் கதையும். இதயம் தள்ளிய ரத்தம் கால் விரல் வரை சுலபமாக இறங்கிவிடும். மேலே ஏற வேண்டுமே, யார் தள்ளுவது? கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி, ஆழத்தில் இருக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்புகிறது. வால்வு அதைத் திரும்ப விடுவதில்லை. அசையாமல் நிற்கும் ஒருவருக்குக் கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரச அளவு. அவரே நடந்தால் அது 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும்.

வால்வு பழுதானால்? ரத்தம் கீழே இறங்கித் தேங்கும். குழாய் விரியும். விரிந்தால் அடுத்த வால்வின் இரண்டு மடல்களும் ஒன்றையொன்று தொடாது. அதுவும் பழுது. இப்படியே கீழே கீழே போகும். வீக்கம், அரிப்பு, இரவில் குரக்களி, கணுக்கால் தோல் கறுத்துப்போதல், கடைசியில் ஆறாத புண். மாத்திரையோ, எண்ணெய் தேய்ப்பதோ, உருவிவிடுவதோ கிழிந்த கதவை ஒட்டவைக்காது.

"சிரையை எடுத்தால் ரத்தம் எப்படிப் போகும்?"

நியாயமான கேள்வி. காலில் இரண்டு அடுக்குச் சிரைகள் உண்டு. ஆழத்தில் தசைகளுக்கு நடுவே இருப்பவை பெரும் பாதை. சுமார் 90 சதவிகித ரத்தம் அந்த வழியாகத்தான் போகிறது. தோலுக்கு அடியில் நமக்குத் தெரிபவை கிளைச் சாலைகள். வெரிகோஸ் வெயின் வருவது இந்தக் கிளைகளில். பழுதான கிளையை மூடினால் ரத்தம் பெரும் பாதைக்குப் போய்விடும், கால் விளங்காமல் போகாது. மூடுவதற்கு முன் ஆழத்துச் சிரை சரியாக இருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேன் பார்ப்பது இதற்காகத்தான்.

1891-ல் ஜெர்மன் மருத்துவர் டிரெண்டலன்பர்க் தொடையில் அந்தச் சிரையைக் கட்டிவிடும் முறையை வெளியிட்டார். 1905 முதல் 1907 வரை அமெரிக்காவில் கெல்லர், மேயோ, பாப்காக் ஆகியோர் பழுதான சிரையைக் கம்பி போன்ற கருவியால் உருவி எடுக்கும் முறைகளைக் கொண்டுவந்தார்கள். நம்மூரில் "நரம்பை உருவி எடுக்கிறது" என்று பயத்தோடு சொல்கிறார்களே, அது இதுதான். முழு மயக்கம், தொடை முழுக்க ரத்தக்கட்டு, நாட்கணக்கில் படுக்கை. பயம் நியாயமானதே.

படுக்கை என்றதும் தாம்பரத்துக்காரர்களுக்கு ஒன்று நினைவுக்கு வர வேண்டும். ரயிலில் போகும்போது "சானடோரியம்" என்று ஒரு ஸ்டேஷன் வருகிறதல்லவா? டாக்டர் சவுரி முத்து 1928-ல் அங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கினார். 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. காசநோய்க்கு மாத்திரையே இல்லாத காலம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு, இவைதான் மருந்து. அந்த ஸ்டேஷன் பெயரில் "ஓய்வே வைத்தியம்" என்ற அந்தக் காலம் உறைந்து நிற்கிறது. மாத்திரைகள் வந்ததும் காசநோயில் அந்த முறை போய்விட்டது. கால் சிரையிலும் அப்படித்தான். சிகிச்சை முடிந்ததும் அன்றைக்கே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். படுத்தே கிடந்தால் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். ஆனால் "ஒரு மாசம் படுக்கையில கிடக்கணுமாமே" என்ற பேச்சு மட்டும் போகவில்லை. ஒரு மாதச் சம்பளம் போய்விடும் என்று பயந்து மருத்துவமனைப் பக்கமே போகாதவர்கள் எத்தனை பேர்!

சாக்ஸ் செய்வதும் செய்யாததும்

அமெரிக்காவில் கான்ராட் ஜாப்ஸ்ட் என்ற பொறியாளருக்குக் காலில் சிரைப் புண் இருந்தது. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால் சுகமாக இருப்பதைக் கவனித்தார். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தில் அதிகம், மேலே வர வரக் குறைவு. அதே போலக் கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும் காலுறையை வடிவமைத்தார். 1950-களில் அது பரவியது.

இது நல்ல உதவி. வீக்கமும் வலியும் குறையும். புண் ஆறவும் அழுத்தக் கட்டு அவசியம். ஆனால் அது வால்வைச் சரிசெய்வதில்லை, கழற்றினால் பழையபடிதான். சென்னை வெயிலில் அதை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு எச்சரிக்கை: சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள் சிலருக்குக் காலுக்கு வரும் தமனியே சுருங்கியிருக்கும். அவர்கள் பரிசோதிக்காமல் இறுக்கமான காலுறையைப் போட்டால் கால் கெடும். மருந்துக்கடையில் சைஸ் பார்த்து வாங்கிப் போடும் சமாச்சாரம் இல்லை இது.

லேசரும் கத்தியும்

பெரிய மாற்றம் கடைசி முப்பது வருடங்களில் வந்தது. சிரையை உருவ வேண்டாம், உள்ளேயே மூடிவிடலாம் என்ற யோசனை. மெல்லிய குழாயைச் சிரைக்குள் நுழைத்து, ரேடியோ அலை வெப்பத்தால் மூடும் கருவிக்கு அமெரிக்கா 1999-ல் அனுமதி தந்தது. லேசருக்கு 2002-ல். மருந்தை நுரையாக்கி ஊசி மூலம் செலுத்தும் முறையை 1990-களில் ஸ்பெயின் மருத்துவர் கப்ரெரா வளர்த்தார். இவற்றைக் காலை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடலாம். பெரும்பாலோர் அன்றே நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். 2013-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல் வரிசை இது: முதலில் வெப்ப முறை, அது பொருந்தாவிட்டால் நுரை ஊசி, அதுவும் பொருந்தாவிட்டால்தான் அறுவை.

இங்கே ஒரு புது நம்பிக்கை முளைத்திருக்கிறது. "லேசர் பண்ணிட்டா ஜென்மத்துக்கும் திரும்ப வராது." அப்படி இல்லை. மூடிய சிரை போனது போனதுதான், ஆனால் வேறு கிளையில் வால்வு பழுதாகலாம். மறுபடி வரலாம், மறுபடி பார்க்கலாம்.

இன்னொரு நம்பிக்கை, "இது அழகுப் பிரச்சினை, காலை மறைத்தால் போதும்." சிலருக்கு அப்படியே நின்றுவிடுவது உண்மை. ஆனால் தோல் கறுத்துப் புண் வந்தவருக்கு இது பிழைப்புப் பிரச்சினை. பிரிட்டனில் சிரைப் புண் உள்ள 450 பேரை வைத்து நடந்த ஈவ்ரா ஆய்வு 2018-ல் வெளியானது. எல்லோருக்கும் அழுத்தக் கட்டு போட்டார்கள். அதோடு பழுதான சிரையை உடனே மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. மூடுவதைத் தள்ளிப்போட்டவர்களுக்கு அது 82 நாள். புண் ஆறட்டும், பிறகு சிரையைப் பார்ப்போம் என்று காத்திருந்தவர்கள் வீணாகக் காத்திருந்தார்கள் என்று பொருள்.

பெண்களுக்கு வருகிற நோயா?

கர்ப்ப காலத்தில் ரத்த அளவு கூடுவதாலும் ஹார்மோன்களாலும் பெண்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. ஆஸ்பத்திரிக்கு வருபவர்களிலும் பெண்கள் அதிகம். அதனால் பெண்கள் நோய் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். எடின்பரோ நகரில் 18 முதல் 64 வயது வரை உள்ள பொதுமக்களை நேரடியாகப் பரிசோதித்த ஆய்வு 1999-ல் வந்தது. பெரிய சிரைப் புடைப்பு ஆண்களில் 40 சதவிகிதம், பெண்களில் 32 சதவிகிதம்! ஆண்கள் பேன்ட்டுக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தார்கள், அவ்வளவுதான்.

குடும்ப வழியாக வருவதும் உண்மை. அப்பா அம்மா இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் "பரம்பரை, ஒன்றும் செய்ய முடியாது" என்பதும், "நின்றதால் மட்டும்தான் வந்தது" என்பதும் இரண்டும் பாதி உண்மை. பரம்பரை ஒரு பலவீனமான கதவைத் தருகிறது. நிற்கும் வேலை அதன் மேல் தினமும் பன்னிரண்டு மணி நேரம் பாரம் வைக்கிறது. டென்மார்க்கில் தொழிலாளர்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலும் நின்றே வேலை செய்த பெண்கள் இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தது மற்றவர்களைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு.

ஒரு ஸ்டூலின் கதை

இனி மீண்டும் ஜவுளிக்கடைக்கு. கடைக்காரர் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது நம் பழைய வழக்கமே இல்லை. அந்தக் காலத்து ஜவுளிக்கடையில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தை இருக்கும். வாங்குபவரும் உட்காருவார், துணியை விரித்துக் காட்டுபவரும் உட்காருவார். கண்ணாடி அலமாரியும் கவுண்டரும் மாடி மாடியாக ஷோரூமும் வந்த பிறகுதான் உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு, சோம்பேறித்தனம் என்றானது. உட்காரும் உரிமை கல்லாவுக்கு மட்டும் மிஞ்சியது.

இங்கிலாந்தில் இந்தப் பிரச்சினை முன்பே வந்தது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்று 1899-லேயே அங்கே சட்டம் போட்டார்கள். இந்தியாவில் 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டம், நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்றது. ஆனால் கடைகளுக்கான 1947-ம் வருடச் சென்னை மாகாணச் சட்டத்தில் இருக்கை பற்றி எதுவும் இல்லை. விளைவைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் சானடோரியம் அருகே 1984-ல் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்தது. அதற்குள் இருந்த தொழிற்சாலை ஊழியருக்குச் சட்டப்படி ஸ்டூல் உண்டு. அதே சாலையில் கொஞ்ச தூரம் தள்ளி, ஜவுளிக்கடையில் நின்ற அவருடைய தங்கைக்குக் கிடையாது!

வசந்தபாலன் இயக்கிய "அங்காடித் தெரு" படம் 2010-ல் வந்தபோது ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் வாழ்க்கையைப் பலர் முதல் முறையாக உற்றுப் பார்த்தார்கள். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, "பெண்கூட்டு" என்ற அமைப்பின் மூலம் கடைப் பெண்களைத் திரட்டிக் கழிப்பறைக்கும் இருக்கைக்கும் போராடினார். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2019-ல் மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியம் இதை ஏற்றது. 2021 செப்டம்பர் 6 அன்று அமைச்சர் சி.வெ.கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார்; அதே மாதம் நிறைவேறியது. 22-ஏ என்ற புதிய பிரிவு, எல்லாக் கடைகளிலும் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும் என்கிறது. நாள் முழுக்க நிற்பதால் பலவித உடல்நலக் கேடுகள் வருகின்றன என்பதையே மசோதா காரணமாகக் காட்டியது.

இங்கேயும் ஒரு தவறான நம்பிக்கை வந்துவிடக் கூடாது. உட்கார்ந்தாலே தப்பித்துவிடலாம் என்றில்லை. ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் முன் பத்து மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் கெண்டைக்கால் தசை வேலை செய்வதில்லை. கால் கேட்பது அசைவு. அரை மணிக்கு ஒரு தடவை நாலு எட்டு நடப்பது, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, வீட்டுக்குப் போனதும் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது. இவற்றுக்குச் செலவு பூஜ்யம். கடைக்காரர் தர வேண்டியது ஒரு ஸ்டூலும், அதில் உட்கார்ந்தால் முறைக்காத மேற்பார்வையாளரும்.

வணிகவியல் படிப்பவர்களுக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், ஸ்டூல் கடையின் செலவுக் கணக்கில் வரும் சின்னத் தொகை. ஸ்டூல் இல்லாததால் வரும் செலவு கடையின் எந்த ஏட்டிலும் வராது. ஸ்கேன், சிகிச்சை, புண்ணுக்குக் கட்டு, போகாத நாட்களின் சம்பளம், நாற்பது வயதில் விட்ட வேலை எல்லாம் ஊழியர் வீட்டுக் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. கடைக்கு லாபம் போலத் தெரிவதன் ஒரு பகுதி அங்கேயிருந்து வந்தது.

கடைசியாக, வீட்டில் யாருக்காவது இருந்தால் நினைவில் வைக்க வேண்டிய சில விஷயங்கள்:

1. கணுக்கால் தோல் கறுத்தாலோ, புண் வந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டி டாப்ளர் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

2. புடைத்த சிரை உடைந்து ரத்தம் வந்தால் பதற வேண்டாம். உடனே படுக்க வைத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். நிற்க வைத்தால் ரத்தம் நிற்காது. பிறகு மருத்துவமனை.

3. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது ஆழத்துச் சிரையில் ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். உருவிவிடக் கூடாது.

4. "நரம்பு" என்ற பெயரை நம்பிச் சத்து மாத்திரையில் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது, காட்டுகிற அக்காவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், "உட்கார்ந்துகிட்டே காட்டுங்கக்கா, பரவாயில்லை" என்று சொல்லுங்கள். வாடிக்கையாளரே சொல்லும்போது மேற்பார்வையாளர் முறைக்க மாட்டார்.